பெருந்துளை மயக்கம்

நிழற்படக் கலையில் நாட்டம் கொண்டு என்னிடம் வரும் மாணவர் எவரும் முதலில் கேட்கும் வினா ஒன்றே. "ஐயா, இந்த லென்ஸ் எத்தனை?" என்பர். லென்ஸ் என்று நாம் நாள்தோறும் வழங்கும் வில்லையின் முகப்பில் பொறித்துள்ள துளை எண்ணைப் பற்றிய வினா அது. எஃப் 2 என்றால் முகம் வாடுகிறது. எஃப் 1.4 என்றால் சற்றே மலர்கிறது. எஃப் 1.2 என்றாலோ கைகூப்பாத குறைதான். எண் சிறுத்தால் துளை பெருக்கும். துளை பெருத்தால் ஒளி மிகும். ஒளி மிகுந்தால் படம் சிறக்கும் என்பது அவர்கள் உள்ளத்தில் ஊன்றிய கோட்பாடு. இவற்றுள் முதலிரண்டு கூற்றுகள் உண்மை. மூன்றாவது பொய். அப்பொய்யை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அப்பொய்யை மாணவர்க்குக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் முறை. எங்கள் இடைநிலைப்பள்ளியின் நிழற்படக் கழகத்திற்கு நான் பொறுப்பாசிரியன். சில ஆண்டுகளுக்கு முன், கழகத்தின் சேமிப்பைத் துடைத்தெடுத்து, 50 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப் 1.2 துளையும் கொண்ட வில்லை ஒன்றை வாங்கினோம். தானே குவியும் பொறி அதில் இல்லை. வளையத்தைக் கையால் திருப்பித்தான் பொருளைத் தெளிவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். அதனால் விலை பாதியாயிற்று. வாங்கிய அன்றே மாணவரை அழைத்து, "துளையை முழுதும் திறந்து வைத்துப் படம் எடுங்கள். பின்புலம் பஞ்சாய்க் கரையும்" என்று சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் கரும்பலகையிலும் எழுதினேன்.

ஐந்தாம் படிவத்து மாணவி ஒருத்தி அவ்வில்லையை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். நாற்பதாண்டுகள் பால்மரம் வெட்டிய அவள் பாட்டி அப்போது தோட்டத்து லயத்திலேயே இருந்தார். செம்பனை வந்து பால்மரங்கள் போன பின்னும் பாட்டி லயத்தை விட்டுப் போகவில்லை. மாணவி ஒரு மீட்டர் தொலைவில் அமர்ந்து பாட்டியைப் படமெடுத்தாள். வலக்கண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடக்காது மெழுகாய் உருகிப் போயிருந்தது. பின்னால் இருந்ததெல்லாம் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு புகைமூட்டம். அப்படத்திற்கு நான் முதற்பரிசு அளித்தேன். பள்ளி மண்டபத்திலும் மாட்டினோம்.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பாட்டி காலமானார். லயத்தையும் இடித்தார்கள். பொருள்களை அள்ளிப் போட்ட அவசரத்தில் எது எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியவில்லை. அம்மாணவி, பள்ளியை விட்டுச் சென்ற பிறகு, ஒரு நாள் என்னைத் தேடி வந்தாள். "ஐயா, பாட்டிக்குப் பின்னால் சுவரில் தாத்தா படம் மாட்டியிருந்தது. தாத்தாவுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் அது தெரியுமா?" என்று கேட்டாள். மூலக்கோப்பைத் திரையில் இட்டு இருவரும் பார்த்தோம். சுவர் இருந்த இடத்தில் ஒரு கருமையான நீள்சதுரம் இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. அன்று அவள் எடுத்த நாற்பத்தொரு படங்களிலும் துளை எஃப் 1.2இலேயே நின்றது. நான் சொன்னபடி செய்திருந்தாள்.

அந்த நீள்சதுரத்தைப் பற்றி உணர்ச்சிவயப்படுவதினும் கணக்கிடுவது நன்று. துளை எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 50ஐ 1.2ஆல் வகுத்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முகத்துக்குக் குவித்தால், அம்முகத்தில் ஒரு புள்ளியாய்க் கூடும் ஒளிக்கதிர்கள் அதனைக் கடந்து அப்பால் மீண்டும் விரியும். சுவர் முகத்துக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தது. அங்கே விரிவின் அளவு 42ஐப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பொருள் என்ன? சுவரில் 6 சென்டிமீட்டருக்குள் அடங்கிய எதுவும் தன் வடிவத்தை இழக்கும். சட்டமிட்ட சிறு படத்தில் தாத்தாவின் முகம் 3 சென்டிமீட்டர் இருந்திருக்குமா? இருந்திருந்தாலும் மங்கல் வட்டத்தில் பாதிக்குக் கூடப் போதாது. முகத்திலேயே கூடத் தெளிவாக விழுந்த ஆழம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் அளவு இருக்கையில், பாட்டி மூச்சுவிட்டு அசைந்தாலே கண் தெளிவிலிருந்து நழுவும்.

அதே அறையில் 35 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 5.6இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்து எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துளையின் விட்டம் 6 மில்லிமீட்டரும் சிறிதும். சுவர் முகத்துக்கு அப்போதும் ஒன்றரை மீட்டர் பின்னால்தான். மங்கல் வட்டமும் அதே 6 மில்லிமீட்டரே. தாத்தாவின் மீசை தெரியாமற் போகலாம். அவர் முகம் இன்னாருடையது என்பது தெரிந்திருக்கும்.

"வெளிச்சம் போதாதே, அதற்காகத்தானே பெருந்துளை?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. பெருந்துளை வில்லை பிறந்ததே அதற்காகத்தான். ஜெர்மனியில் லுட்விக் பெர்ட்டல் வகுத்த எர்னோஸ்டார் வில்லையோடு எர்மனாக்ஸ் என்னும் சிறு கருவி 1924இல் வெளிவந்தது. அதன் துளை எஃப் 2, பின்னர் 1.8. அக்காலக் கண்ணாடித் தட்டுகளின் உணர்திறன் இன்றைய கணக்கில் மிகக் குறைவு. அக்கருவியைக் கொண்டு எரிக் சாலமன் என்னும் யூத நிழற்படக்காரர் 1928 முதல் ஜெர்மனியின் நீதிமன்றங்களிலும், பிறகு ஐரோப்பிய அரசியல் மாநாடுகளிலும், விளக்கொளியை மட்டுமே துணைகொண்டு படமெடுத்தார். 1930இல் ஹேக் நகரில் நள்ளிரவு கடந்து நீண்ட பேச்சின்போது அமைச்சர்கள் நாற்காலியில் சாய்ந்து களைத்துக் கிடந்ததை அவர் எடுத்த படம் உலகறிந்தது. அப்படத்தில் மனிதர்தம் களைப்பு மட்டுமா தெரிகிறது? அவர்கள் இருந்த அறையும் தெரிகிறது. இன்னார், இன்ன இடத்தில், இன்ன பொழுதில் என்பதே அவர் படங்களின் உயிர். சாலமன் 1944இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்டார். அவர் துளையைத் திறந்தது அறையைக் காண்பதற்காக. நாம் துளையைத் திறப்பது அறையை அழிப்பதற்காக. ஒரே கருவி; நோக்கம் தலைகீழ்.

இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கென சைஸ் நிறுவனம் 1966 அளவில் செய்த 50 மில்லிமீட்டர் எஃப் 0.7 வில்லைகளுள் மூன்றை ஸ்டான்லி குப்ரிக் வாங்கி, 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' திரைப்படத்தில் மெழுகுவத்தி ஒளிக் காட்சிகளை எடுத்தார். படச்சுருளின் உணர்திறன் 100. ஆய்வுக்கூடத்தில் அதை ஒருபடி உயர்த்தினர். தெளிவின் ஆழமோ மிகக் குறுகியது. ஆதலின் நடிகர்கள் அசையாது அமர்தல் வேண்டியிருந்தது. பக்கவாட்டில் ஒரு தொலைக்காட்சிக் கருவியை நிறுத்தி, நடிகர் முன்னும் பின்னும் நகர்வதை அளந்தளந்து குவியத்தைத் திருப்பினர். பெருந்துளை அவர்களுக்கு வரமாக வந்த சுமை. அச்சுமையை அவர்கள் ஏற்றது மெழுகுவத்தி ஒளியில் அன்றைய மக்கள் எவ்வாறு அமர்ந்திருப்பர் என்று காட்டுவதற்கே.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒற்றை விளக்கு எரியும் சிற்றறையில், 400 உணர்திறன் கொண்ட படச்சுருளும் எஃப் 2 துளையும் இருந்தால், வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி தேவைப்படும். கை நடுங்கும் எல்லை அது. அதே சுருளோடு எஃப் 1.2 இருந்தால் எண்பதில் ஒரு பங்கு போதும். அக்காலத்தில் இவ்வேறுபாடு பெரிதே. ஆயின் இன்றைய கருவியில் உணர்திறன் எண்ணை 3200க்கு உயர்த்தினாலும் படம் சிதைவதில்லை. அப்போது எஃப் 2இல் இருநூற்றைம்பதில் ஒரு பங்கும், எஃப் 4இல் அறுபதில் ஒரு பங்கும் போதுமானவை. 6400க்கு உயர்த்தினால் எஃப் 5.6இலும் அறுபதில் ஒரு பங்கே. அமர்ந்திருக்கும் பாட்டியை எடுக்க இதற்குமேல் என்ன வேண்டும்? ஒளி என்னும் காரணம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. காரணம் மறைந்த பின்னும் கருவி மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது.

ஏன் பெருக்கிறது? மங்கலுக்காக. ஜப்பானியர் மங்கலைக் குறிக்க வழங்கிய 'பொக்கே' என்னும் சொல்லை 1997இல் அமெரிக்க இதழொன்று ஆங்கில வாசகர்க்குப் பரப்பிற்று. அதன்பின் மங்கல், விலைப்பட்டியலில் ஏறும் சரக்காயிற்று. 2019இல் நிக்கான் நிறுவனம் எஃப் 0.95 துளையுடன் 58 மில்லிமீட்டர் கைக்குவிய வில்லை ஒன்றை வெளியிட்டது. எடை 2 கிலோகிராம். விலை அப்போது ஏறத்தாழ 8000 அமெரிக்க டாலர். அதன் கண்ணாடித் திறனைப் பழிக்க நான் யார்? ஆனால் அதைப் பார்த்துப் பெருமூச்செறியும் மாணவனுக்கு ஒன்று சொல்வேன்: 2016இல் ஐபோன் 7 பிளஸ் என்னும் கைப்பேசியே பின்புலத்தைக் கணக்கிட்டு மங்கலாக்கத் தொடங்கிவிட்டது. இன்று சந்தையில் விற்கும் கைப்பேசிகள் பலவும் அதைச் செய்கின்றன. இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றை ஏன் கழகத்தின் மூன்றாண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்குதல் வேண்டும்?

என் வாதத்தைக் கேட்ட தமிழாசிரிய நண்பர் ஒருவர் மறுப்புரைத்தார். அம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. "முதல், கரு, உரி என மூன்றினுள் உரிப்பொருளே சிறந்தது. முதலும் கருவும் இன்றி உரிப்பொருள் ஒன்றே நின்று சிறக்கும் அகப்பாட்டு நம்மிடம் இல்லையா? பாட்டியின் முகம் உரிப்பொருள். சுவர் எதற்கு?" என்றார். தொல்காப்பியத்தைக் காட்டி மடக்கினால் தமிழாசிரியன் அடங்கிவிடுவான் என்று எண்ணினார் போலும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணா, தொழில் முதலியன கருப்பொருள். அந்த லயத்து அறையில் என்ன இருந்தது என்று பின்னர் அம்மாணவியிடம் கேட்டறிந்தேன். நாட்காட்டியில் முருகன் படம். ஆணியில் தொங்கிய பழைய பால்வெட்டும் உளி. மூலையில் கஞ்சிப் பானை. நடுவே தாத்தா. தெய்வமும் தொழிலும் உணவும் ஒரே சுவரை ஒட்டி நின்றன. அப்படத்தில் இருந்தது உரிப்பொருள்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயின் எவருடைய உரிப்பொருள்? அம்முகத்தை இபோவிலும் எடுத்திருக்கலாம், இத்தாலியிலும் எடுத்திருக்கலாம். நிலத்தைப் பாடாது விடும் புலவன் அதனை அறிந்து விடுகிறான். பாடியும் பழகியவன் அவன். எங்கள் மாணவி எதையும் விடவில்லை. வில்லை விட்டது. எதை விடுவதென்று அவளைக் கேட்காமலே விட்டது. நண்பருக்கு இவ்விளக்கம் முழுநிறைவு அளித்ததா என்றால், இல்லை. நாங்கள் இன்னும் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதனாற் பெருந்துளை வேண்டவே வேண்டாம் என்று யாரும் பொருள் கொள்ளற்க. இருள்சூழ்ந்த மேடைக் கூத்தையும், விண்மீன்களையும், ஒற்றைத் தீப்பந்தத்தின் ஒளியில் நகரும் ஊர்வலத்தையும் எடுக்க எஃப் 1.4 கைகொடுக்கும். ஆனால் 1.4இலிருந்து 1.2க்குத் தாவுவதால் கிடைக்கும் ஒளி மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றே கூடுதல். ஒரு முழுப் படிகூட ஆகாது. நிக்கானின் பழைய 50 மில்லிமீட்டர் கைக்குவிய வில்லைகளில் எஃப் 1.4 ஏறத்தாழ 250 கிராம், எஃப் 1.2 ஏறத்தாழ 360 கிராம். விலை வேறுபாடு எடை வேறுபாட்டினும் மிகுதி. துளை முழுதும் திறந்த நிலையில் இத்தகைய வில்லைகளுட் பல, படத்தின் ஓரங்களில் தளர்ந்துபோவதும் உண்மை. சிலவற்றில், திறந்த துளையிற் குவித்துவிட்டுப் பின் துளையைச் சுருக்கினால், குவியப்புள்ளியே சற்று இடம்பெயரும். சைஸ் நிறுவனத்தின் சி சோனார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.5 இக்குறைக்குப் பெயர்பெற்றது. அதனை விரும்பி வாங்குவோர் குறையை அறிந்தே வாங்குகின்றனர். மாணவர் அறிவாரா?

ஆகவே வில்லை தேர்வோர் முதலில் கேட்க வேண்டியது துளை எண்ணை அன்று, குவியத் தூரத்தை. எந்த அறையில் நிற்கப் போகிறோம்? 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள உணரி கொண்ட கருவியில் 35 மில்லிமீட்டர் வில்லைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ ஏறத்தாழ அவ்வளவு அகலம் படத்தில் அடங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் அகலம். பாட்டியும் அடங்குவார், அவரது சுவரும் அடங்கும். 50 மில்லிமீட்டர் வில்லையில் அதே இடத்திலிருந்து 1.4 மீட்டரே அடங்கும். நம் மாணவர் பலரிடம் இருப்பவையோ இதனினும் சிறிய உணரி கொண்ட கருவிகள். அவற்றில் 50 மில்லிமீட்டர் வில்லை, பெரிய உணரியில் 75 மில்லிமீட்டர் போல் நடந்துகொள்ளும். பத்தடி அறையில் முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்வாங்கினாலும் முகமும் மார்பும்தான் கிட்டும். அவர்களுக்கு ஏற்றது 23 அல்லது 24 மில்லிமீட்டர். "ஐம்பதுதான் மனிதக் கண்" என்று கடைகளில் சொல்லி விற்பதை நம்பி, சிறிய உணரிக்கு ஐம்பது வாங்கி ஏமாந்த மாணவர் நால்வரை நானறிவேன்.

அடுத்து, கையால் குவிக்கும் முறை. இதனை ஏழைக்கான மாற்று என்று பலர் இகழ்கின்றனர். 1985இல் மினோல்டா 7000 வெளிவந்தது முதல், தானே குவியும் கருவிகள் வளர்ந்து, இன்று ஓடும் பிள்ளையின் கண்ணைக்கூட இமைப்பொழுதில் தொடர்ந்து பிடிக்கின்றன. விளையாட்டு விழாவுக்கு அவையே தக்கவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை எப்போதும் கண்ணையே பிடிக்கின்றன. பாட்டியின் மடியில் கிடந்த கையைப் பற்றி அவற்றுக்கு என்ன தெரியும்? நாற்பதாண்டுகள் உளி பிடித்துக் காய்த்த விரல்கள் அவை. விரலா, கண்ணா, உளியா என்று தேர்வது எடுப்பவர் கடமை. வளையத்தைத் திருப்பும் கை அதைத் தேர்ந்தே ஆதல் வேண்டும். தேராமல் நழுவ வழியில்லை. மொழிப்பாடத்தில் எழுவாயைத் தேடச் சொல்லும் நாம், படத்தில் அதனைப் பொறியிடம் ஒப்படைக்கலாமா?

கைக்குவிய வில்லையில் இன்னொரு செல்வமும் உண்டு. அதன் உடலில் தொலைவு அளவுகள் மீட்டரிலும் அடியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அருகே இருபுறமும் இணையிணையாய்க் கோடுகள் இருக்கும். எந்தத் துளைக்கு எந்தத் தொலைவிலிருந்து எந்தத் தொலைவுவரை தெளிவாக விழும் என்பதை அவை காட்டும். 35 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 5.6க்குச் சுருக்கி, வளையத்தை 2 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.6 மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் வரை உள்ளவை தெளிவாய் விழும். அதன்பின் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்கலாம். தானே குவியும் புதிய வில்லைகள் பலவற்றில் இக்கோடுகளை நீக்கிவிட்டார்கள்; இருந்தது என்பதே இளையோர் பலருக்குத் தெரியாது.

பழைய வில்லை வாங்குவோர்க்குச் சில சொற்கள். நம் நாட்டின் புழுக்கத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிப்பது இயல்பு. வில்லையின் பின்புறத்தில் கைவிளக்கைக் காட்டி முன்புறமாய் நோக்கினால் சிலந்தி வலைபோல் தெரியும். தெரிந்தால் எத்துணை மலிவாயினும் தொடாதீர்கள். துளையை அமைக்கும் இதழ்களில் எண்ணெய் மினுக்கம் இருத்தல் கூடாது. வளையம் ஒரே சீராய், இறுகாமலும் வழுக்காமலும் திரும்புதல் வேண்டும். நடுவில் தடுக்கினால் மசகு உலர்ந்துவிட்டது என்று பொருள். அறுபது எழுபதுகளில் செய்த சில வில்லைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. பென்டாக்ஸ் நிறுவனத்தின் பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 தாக்குமார் வகைகளுட் சில அவ்வாறே மஞ்சள் பாய்ந்து கிடப்பதைக் காணலாம். வெயிலில் வைத்தால் மஞ்சள் குறையும். குறைவதற்கு நாள் பல ஆகும். நிக்கான் வில்லையின் வளையம் திரும்பும் திசைக்குக் கேனன் வில்லையின் வளையம் நேர் எதிர். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தும் மாணவன், வேண்டிய நொடியில் தவறான பக்கமே திருப்புவான். கழகமோ தனியாளோ, ஒரு குடும்பத்து வில்லைகளையே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கண்ணாடி உள்ள பழைய பாணிக் கருவியில் இவ்வில்லைகளைப் பொருத்துவோர் ஒன்றை மறவாதிருத்தல் நலம். அக்கருவிகளின் இன்றைய பார்வைத்திரை, எஃப் 2.8க்கும் பெரிய துளையின் உண்மையான மங்கலைக் காட்டுவதில்லை. தெளிவாய் இருப்பதாகக் கண் நம்பும், படத்தில் இராது. கண்ணாடியற்ற புதிய கருவியில், இணைப்பு வளையத்தின் துணையோடு பொருத்திப் படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் குவித்தால் இத்தொல்லை இல்லை. கையாற் குவிப்பதை எளிதாக்கிய பெருமை, அதனை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட புதிய கருவிக்கே உரியது என்பது வேடிக்கை.

எங்கள் கழகத்தில் மீண்டும் பணம் சேர்ந்திருக்கிறது. எஃப் 1.2 வில்லையை விற்றுவிட்டு, இன்னும் சிறிது சேர்த்து எஃப் 0.95 வாங்கலாம் என்று மாணவர் செயற்குழு எழுத்துவழி முன்மொழிந்துள்ளது. மூவர் கையொப்பமிட்டுள்ளனர். இரண்டாம் கைச் சந்தையில் 35 மில்லிமீட்டர் எஃப் 2 கைக்குவிய வில்லைகள் இரண்டை அதே பணத்தில் வாங்கலாம் என்று நான் மறுமொழி எழுதியிருக்கிறேன். ஒன்று பழுதானாலும் ஒன்று இருக்கும்; இரண்டு மாணவர் ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்குச் செல்லலாம். எங்கள் வட்டாரத்தில் இன்னும் ஆள் குடியிருக்கும் லயங்கள் மூன்று. அவற்றுள் ஒன்றுக்கு வெளியேறும் அறிவிப்பு வந்துவிட்டது. வாக்கெடுப்பு வரும் வெள்ளிக்கிழமை. அன்று மண்டபத்துச் சுவரிலிருந்து பாட்டியின் படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, அந்தக் கரிய நீள்சதுரத்தை ஒவ்வொருவருக்கும் காட்டப் போகிறேன். அம்மாணவியையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.